சைக்கிளும் சாலைச் சத்தமும்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரியாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி நகருக்குள் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சைக்கிள் கடையிலும் டீக்கடையிலும், ஞாயிறு காலையில் சேர்ந்து ஓட்டும் நண்பர்களிடமும் சத்தத்தைப் பற்றிப் பேச்சு வராத வாரமே இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை, படித்துத் தெளிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாலையில் போகிற எல்லாருக்கும் அதே சத்தம்தானே? சைக்கிள்காரருக்கு மட்டும் என்ன தனிக் கஷ்டம்?

எல்லாருக்கும் ஒரே சத்தம் கிடையாது. காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். மோட்டார் சைக்கிள்காரருக்குத் தலைக்கவசம் கொஞ்சம் தடுக்கிறது. அதைவிட முக்கியம், அவர் மற்ற வண்டிகளின் வேகத்திலேயே போகிறார் என்பது. அதனால் அவரைத் தாண்டிப் போகிற வண்டிகள் குறைவு. சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிற நம்மையோ சாலையில் உள்ள அத்தனை வண்டியும் தாண்டித்தான் போகும். ஒவ்வொன்றும் வலது காதுக்கு ஒரு கை, இரண்டு கை தூரத்தில் போகும். இடது பக்கம் கடைச் சுவரோ மதில் சுவரோ இருந்தால் அது சத்தத்தைத் திருப்பி அனுப்பி இடது காதையும் சேர்த்து அடிக்கும். லாரி டயரும் பஸ் சைலன்சரும் நம் இடுப்புக்குப் பக்கத்திலேயே உருண்டு போகின்றன.

ஆனால் இதெல்லாம் இரண்டாம்பட்சம். முதல் விஷயம், நமக்குப் பின்னால் பார்க்கக் கண்ணாடி கிடையாது. பின்னால் என்ன வருகிறது, எவ்வளவு கிட்டே வருகிறது, ஒதுங்கப் போகிறதா உரசப் போகிறதா என்பதையெல்லாம் காதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். சத்தம் அதிகமானால் அந்தக் காது வேலை செய்யாது.

காதை வைத்து அவ்வளவு தெரியுமா?

தெரியும். ஒரு மாதம் ஓட்டினால் உங்களுக்கே புரிந்துவிடும். டவுன் பஸ் பிரேக் பிடிக்கும்போது 'புஸ்' என்று காற்று விடும். அப்படியென்றால் அவர் நிறுத்தத்துக்காக இடது பக்கம் ஒடிக்கப் போகிறார். ஷேர் ஆட்டோவின் தகர அதிர்வு தனி. ஈரச் சாலையில் கார் டயர் போடும் 'சர்ர்' என்ற ஓசை வண்டி தெரிவதற்கு முன்னாலேயே வந்துவிடும். கியர் மாற்றும் சத்தத்தை வைத்துப் பின்னால் வருகிற லாரி வேகத்தைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று சொல்லிவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகம், பின்னால் வரும் பஸ் 50 கிலோமீட்டர் வேகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். அமைதியான சாலையில் பஸ் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே காதில் விழுந்தால் உங்களுக்கு 5 நொடி கிடைக்கும். குழியைத் தவிர்க்கலாம், ஒதுங்கலாம், திரும்பிப் பார்க்கலாம். பக்கத்தில் ஜெனரேட்டர், எதிரே லாரி, தலைக்கு மேல் கட்சிக் கூட்ட ஒலிபெருக்கி என்று இருந்தால் அதே பஸ் 10 மீட்டர் வரும்வரை கேட்காது. கிடைப்பது ஒரே ஒரு நொடி. சாலை அதேதான், பஸ்ஸும் அதேதான். சத்தம் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டது நாலு நொடி.

ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தை மூடிப் போடுகிற இந்த வேலையைப் பற்றித் தெரியாமல் சைக்கிள் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன்.

ஹாரன் அடித்தால் நல்லதுதானே? வண்டி வருகிறது என்று சொல்கிறார்கள், அவ்வளவுதானே?

தூரத்திலிருந்து லேசாக ஒரு தட்டுத் தட்டினால் நல்லது, நன்றி சொல்லியே ஒதுங்குவேன். பிரச்சினை, பக்கத்தில் வந்து அமுக்கிப் பிடிப்பதுதான்.

திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் உடம்பு நம் உத்தரவுக்குக் காத்திருக்காது. கண் மூடும், தோள் மேலே ஏறும், கை இறுகும். யோசிப்பதற்கு முன்னால் இவ்வளவும் நடந்து முடிந்துவிடும். நடந்து போகிறவர் துள்ளி நிற்பார், அவ்வளவுதான். சைக்கிளில் அந்தக் கை ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறது. கை இறுகினால் வண்டி கோணும். 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 4 மீட்டர் போகிறோம். அந்த 4 மீட்டரும் நம் கட்டுப்பாட்டில் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன், மழை விட்ட ஒரு காலை. முருங்கப்பாக்கம் தாண்டி மரப்பாலத்தை நோக்கி வருகிறேன். சாலை ஓரத்தில் மழை அடித்துக்கொண்டு வந்த மணல், கையகலத்துக்குத் தார், அதில்தான் ஓட்டுகிறேன். பின்னால் ஒரு பஸ். எனக்கும் அவருக்கும் நடுவே ஐந்தடி இருந்திருந்தால் அதிகம். அந்த இடத்தில் ஏர் ஹாரனை வைத்து அழுத்தினார். என் தோள் தூக்கியது, முன்சக்கரம் மணலில் இறங்கியது. நான் இடது பக்கம் விழுந்தேன். வலது பக்கம் விழுந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன். டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சைச் சாதம் சாலையெல்லாம் கொட்டிக் கிடந்தது. பஸ் நிற்கவில்லை. எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து, "என்னப்பா, அடி கிடி பட்டுச்சா?" என்று தூக்கிவிட்டார். முழங்கைச் சிராய்ப்பு பத்து நாளில் ஆறியது. ஆனால் அதற்கப்புறம் மூன்று நாலு மாதம் அந்த இடத்துக்கு வரும்போதே தோள் தானாக இறுகிக்கொண்டது. ஹாரன் அடிக்காத நாளிலும்.

டெசிபல் என்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

கிலோ, லிட்டர் மாதிரி நேராகக் கூட்டிக்கொண்டு போகிற அளவு இல்லை அது. 3 டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு, நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அதனால் "70க்கும் 80க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு விதியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஹாரன் மாதிரி ஒரே இடத்திலிருந்து வரும் சத்தம், தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். கார், பஸ், லாரி ஹாரனை விதிப்படி வண்டிக்கு முன்னால் 7 மீட்டரில் வைத்து அளப்பார்கள். 93 முதல் 112 டெசிபல் வரை இருக்கலாம். இருப்பதிலேயே மென்மையான 93 டெசிபல் ஹாரனை எடுத்துக்கொள்வோம். மூன்றரை மீட்டரில் அது 99. இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால் 105ஐத் தொடும். சைக்கிள்காரரைத் தாண்டும்போது அந்த இரண்டு மீட்டரில்தான் அடிக்கிறார்கள். விதிக்கு உட்பட்ட ஹாரனே இப்படி. ஏர் ஹாரனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் ஓட்டினால் காது மந்தமாகிவிடுமா?

அரை மணி நேரம் போய், அரை மணி நேரம் வருகிறவர் என்றால் அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். காது கெடுவது சத்தத்தின் அளவையும், அதில் இருக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான். வேலையிடங்களுக்காக அமெரிக்காவின் தொழில் நலத்துறை ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88 என்றால் 4 மணி நேரம், 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 100 என்றால் வெறும் 15 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் பாட்டு கேட்பவர்களுக்குச் சொல்வது இதைவிடக் கறார்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதோடு சரி.

நான் கவலைப்படுவது நாள் முழுக்கச் சாலையில் இருக்கிறவர்களைப் பற்றி. விடியற்காலையில் துறைமுகத்திலிருந்து கூடை கட்டிக்கொண்டு கிளம்பும் மீன்காரர்கள், டீ கேன் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போகிறவர்கள், உணவு கொண்டுவந்து தரும் பையன்கள், இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் நிரம்பிவிடும்.

என் பெரியப்பா ஒரு மில்லில் தறிப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். பெரியம்மா கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பேத்தி கூப்பிட்டால் அதைவிடக் கேட்காது, ஏனென்றால் முதலில் போவது மெல்லிய, கீச்சுக் குரல்களைக் கேட்கும் திறன்தான். உட்காதில் சத்தத்தை உணரும் மயிரிழை அணுக்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைக்காது. அவருக்கு எந்த ஒரு நாளிலும் காது வலித்ததில்லை. அதுதான் இதில் பயங்கரம்.

வீட்டுக்கு வந்த பிறகு காது அடைத்த மாதிரி இருந்தாலோ, 'ஙொய்ங்' என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தாலோ அதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் சரியாகிவிட்டாலும், திரும்பத் திரும்ப வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காதைத் தவிர உடம்பில் வேறு எதையாவது பாதிக்குமா?

பாதிக்கும். சத்தத்தை உடம்பு ஆபத்தின் அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கின்றன, நாடித்துடிப்பு கூடுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எப்போதோ ஒரு தடவை என்றால் பரவாயில்லை. வருஷக்கணக்கில் தினமும் நடந்தால் இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் அது ஒரு காரணமாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட அறிக்கையில், மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுவதாகக் கணக்கிட்டது. 2018ல் அதே நிறுவனம் ஐரோப்பாவுக்குத் தந்த வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்தின் சத்தம் நாள் சராசரியாக 53 டெசிபலுக்குள்ளும், இரவில் 45க்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. இந்தச் சராசரிகள் வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்துச் சொன்னவை. சாலைக்கு நடுவே மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருப்பவரின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், களைப்பு. அண்ணா சாலை வழியாக வந்த நாளுக்கும் உள்வீதிகள் வழியாக வந்த நாளுக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு யாரிடமும் பேசத் தோன்றாது. கால் களைப்பு இல்லை அது.

அப்படியென்றால் சைக்கிளை விட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். மிதிப்பதால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கிடைக்கும் நன்மை பெரியது. சத்தத்தைக் குறைக்கப் பார்ப்போம், சைக்கிளைக் குறைக்க வேண்டாம்.

இயர்போன் போட்டுக்கொள்ளலாமா? அல்லது பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?

இயர்போன் கூடாது. பாட்டு, வெளிச் சத்தத்தோடு போட்டி போட வேண்டியிருப்பதால் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவோம். காதுக்கு இரட்டை அடி. பின்னால் வருவதும் கேட்காது. காதைத் திறந்து விட்டு எலும்பு வழியாகக் கேட்கவைக்கும் வகை இருக்கிறது. காதை அடைக்காது, உண்மைதான். ஆனாலும் பாட்டு பாட்டுதான், கவனத்தை இழுக்கும், மெல்லிய சத்தங்களை மூடும்.

பஞ்சைப் பற்றி எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. கடைசியில் வந்த முடிவு: பஸ், லாரியோடு கலந்து ஓட்டும் சாலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. தொந்தரவு தரும் சத்தம் குறையும், ஆனால் காப்பாற்றும் சத்தமும் சேர்ந்து குறையும். இடது காதில் மட்டும் வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. ஒன்றை அடைத்தால் திசையே குழம்பிவிடும்.

பணம் செலவழிக்க மனம் இருந்தால் ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். காதின் பாரம் கொஞ்சம் குறையும்.

எந்த வழியாகப் போனால் சத்தம் குறைவு?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் நம் கையிலேயே இருக்கும் மருந்து இது. ஒரே ஒரு வீதி தள்ளிப் போனால் போதும், சத்தம் கண்கூடாகக் குறையும். நடுவில் ஒரு வரிசை வீடு இருந்தாலே அது பெரிய தடுப்புச் சுவர்.

புதுச்சேரி நகரத்தின் பழைய பகுதி இதற்காகவே கட்டியது மாதிரி. அண்ணா சாலை, பட்டேல் சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை நான்கும் சேர்ந்து ஒரு முட்டை வடிவ வளையம். வளையத்துக்குள் வீதிகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. கட்டம் என்பதால் ஒரு வீதியை விட்டுவிட்டால் இன்னொரு வீதி எப்போதும் உண்டு. மிஷன் வீதியில் நெரிசல் என்றால் பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போய் ரொமன் ரோலன் வீதியையோ துய்மா வீதியையோ பிடிக்கலாம். நேரு வீதி பக்கமே போக முடியாத மாலை நேரத்தில் வைசியாள் வீதி வழியாகப் போனால் திண்ணை வீடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஞாயிறு என்றால் காந்தி வீதியை மறந்துவிடுங்கள், சண்டே மார்க்கெட்.

தெற்கிலிருந்து வரும் என் மாதிரி ஆட்களுக்கு வழியில்லாத ஒரு துண்டு உண்டு. அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைக் கடலூர் சாலையில்தான் தாண்டியாக வேண்டும். மரப்பாலத்தில் நூறடிச் சாலை வந்து சேர்கிற இடம் வரை பஸ், லாரியோடுதான். அங்கே நான் செய்வது ஒன்றே ஒன்று: நேரத்தை மாற்றிக்கொள்வது. காலை எட்டரைக்குப் பதில் ஏழே காலுக்குக் கிளம்பினால் அது வேறு சாலை.

ஒன்றைக் கவனியுங்கள். குறுகலான வீதியில் இரண்டு பக்கமும் உயரமான சுவர் இருந்தால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தின் மதில் வீதிகளில் ஒரே ஒரு புல்லட், சைலன்சரைக் கழற்றியது, உள்ளே வந்தால் போதும், கடைசி வீடு வரை அதிரும். பொதுவாக அங்கே அமைதி. ஆனால் அந்த ஒருவரை அந்த வீதி பத்து மடங்காக்கிக் காட்டும்.

சாலையோரம் மரம் நட்டால் சத்தம் குறையாதா?

ஒரு வரிசை மரம் சத்தத்தை அநேகமாகக் குறைப்பதில்லை. அடர்ந்த தோப்பு பல மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் காதுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் நிழலுக்காக நடுங்கள். சைக்கிள்காரருக்கு வைகாசியில் நிழலைவிட வேறு வரம் இல்லை.

கடல் சத்தமும் சத்தம்தானே? அது மட்டும் ஏன் உறுத்துவதில்லை?

அருமையான கேள்வி, ஒரு பள்ளி மாணவி கேட்டது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகள் போகக் கூடாது. அப்போது அங்கே நின்று கேளுங்கள். பாறைகளில் அலை மோதுகிற சத்தம் ஒன்றும் சின்னதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும். ஆனாலும் தோள் தளர்கிறது.

காரணம், அலைச் சத்தம் ஏறி இறங்குவது மெதுவாக. அடுத்தது எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை. ஹாரன் அப்படி இல்லை. திடீரென்று வரும், "நீ ஒதுங்கு" என்று நம்மைப் பார்த்துச் சொல்லும். டெசிபல் ஒன்றாக இருந்தாலும் உடம்பு எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அதனால்தான் அளவுக் கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து ஒரு சாலையை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

போனிலேயே அளக்கலாமா?

அளக்கலாம், இலவசச் செயலிகள் இருக்கின்றன. இரண்டு இடத்தை ஒப்பிட அது போதும். வழக்குப் போட அது போதாது, ஏனென்றால் போன் மைக் அதற்காகச் சரிபார்க்கப்பட்டதில்லை. ஓட்டிக்கொண்டே அளக்காதீர்கள். மைக்கில் காற்று அடிக்கும் சத்தம்தான் பெரிதாகப் பதிவாகும். ஓரமாக நிறுத்தி, போனைக் கை நீட்டிப் பிடித்து, ஐந்து நிமிஷமாவது விடுங்கள். ஒரே நேரத்தில், ஒரே கிழமையில் எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

நிறையச் சொல்கிறது. ஒலி மாசு விதிகள், 2000ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அமைதி மண்டலத்தில் எப்போதும், குடியிருப்புப் பகுதியில் இரவில், அவசர நிலை தவிர ஹாரன் அடிக்கக் கூடாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி, பல சுருதியில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும், கூச்சலாக, திடுக்கிட வைக்கும்படி ஒலிக்கும் ஹாரனையும் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை வண்டிகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194எஃப் பிரிவு, தேவையில்லாமலோ தொடர்ந்தோ ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய், மறுபடி செய்தால் 2,000 ரூபாய் அபராதம் என்கிறது. சைலன்சர் வழியாகப் போக வேண்டிய புகையை வேறு வழியாக வெளியே விட்டு ஓட்டினாலும் அதே அபராதம்.

புகார் கொடுப்பதென்றால் வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். "கடலூர் சாலையில் ஒரே சத்தம்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "இந்த எண் பஸ், இத்தனை மணிக்கு, இந்தப் பள்ளி வாசலில், ஏர் ஹாரன்" என்று எழுதுங்கள். நாலு பேர் தனித்தனியாக அதே எண்ணை எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

சட்டம் இருந்து என்ன, நம்ம ஊரில் ஹாரனைக் குறைக்க முடியுமா?

முடியும் என்று நம்புகிறேன், ஏனென்றால் நம் நாட்டிலேயே முடிந்திருக்கிறது. மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் நெரிசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும், ஹாரன் கேட்காது. மலையூர், குறுகல் சாலை, வண்டிகளும் குறைவில்லை. பழக்கம்தான். மும்பை காவல்துறை சில சிக்னல்களில் செய்த ஒரு சோதனையை 2020ல் வெளியிட்டது: சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் காத்திருக்கும் நொடிகள் மறுபடி முதலிலிருந்து ஓடும். ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் அப்படி ஒன்று வைத்தால் எப்படி இருக்கும் என்று பச்சை விழும்வரை யோசித்துக்கொண்டே நிற்பேன்.

வேகத்தைக் குறைத்தாலும் சத்தம் குறையும். காரில் ஓரளவு வேகத்துக்கு மேல் எஞ்சினைவிட டயர்தான் அதிகம் சத்தம் போடுகிறது. பாரிஸ் நகரம் 2021 ஆகஸ்ட் 30 முதல் பெரும்பாலான வீதிகளில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராக்கியது. சொன்ன காரணங்களில் விபத்தோடு சத்தமும் ஒன்று.

பேட்டரி வண்டிகள் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். எஞ்சின் உறுமல் போகும், புகையும் போகும். ஹாரன் அதேதான். டயர்ச் சத்தமும் அதேதான். இன்னொரு சிக்கல் இருக்கிறது: பேட்டரி ஸ்கூட்டர் மெதுவாக வரும்போது காதில் விழவே விழாது. போன மாதம் பாரதி பூங்கா பக்கம் ஒன்று என் முழங்கை அருகே வந்த பிறகுதான் தெரிந்தது. ஊரே அமைதியாக இருந்தால் அந்த மெல்லிய டயர் ஓசையும் கேட்கும். பாதி வண்டி உறுமிக்கொண்டும் பாதி வண்டி ஓசையில்லாமலும் கலந்து ஓடும் இந்த இடைப்பட்ட காலம்தான் நமக்கு ஆபத்து. திரும்புவதற்கு முன் தலையைத் திருப்பிப் பாருங்கள், காதை மட்டும் நம்ப வேண்டாம்.

கடலூரில் என் பெண் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள், பள்ளியில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, அனுப்பலாமா?

அனுப்புங்கள் அக்கா. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுப்பதால்தான் எத்தனையோ பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திராமல் படிக்கப் போகிறார்கள். ஆனால் முதல் வாரம் ஒரு ஞாயிறு காலை அவளோடு நீங்களோ வீட்டில் யாராவதோ அந்த வழியைச் சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். வாகனச் சத்தத்தை வைத்து வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் பழக்கம் ஓட்ட ஓட்டத்தான் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் கடினம்.

லாரன்ஸ் சாலையிலோ பாரதி சாலையிலோ கூட்ட நேரத்தில் போவதைவிட, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து உள்தெருக்கள் வழியாக ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. அவளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: பின்னால் பெரிய ஹாரன் கேட்டால் உடனே ஒடிக்காதே, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடி, நேராகப் போ, மிதிப்பதை நிறுத்து. ஒதுங்குவது அதற்கு அப்புறம். வீட்டு வாசலில் தம்பியை விட்டுப் பின்னாலிருந்து தட்டைத் தட்டச் சொல்லிப் பழகலாம். என் மகனுக்கு அப்படித்தான் பழக்கினேன், இரண்டே நாளில் கை நடுங்குவது நின்றது.

நான் கார் ஓட்டுகிறவன். சைக்கிள்காரரைத் தாண்டும்போது என்ன செய்ய வேண்டும்?

கேட்டதற்கே நன்றி. முப்பது மீட்டர் தூரத்தில் இருக்கும்போது, தேவை என்று தோன்றினால் மட்டும், லேசாக ஒரு தட்டு. பக்கத்தில் வந்த பிறகு ஹாரனைத் தொடவே வேண்டாம். இடம் இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள்; உங்கள் எஞ்சின் சத்தம் எங்களுக்குக் கேட்கிறது, இடம் கிடைத்ததும் நாங்களே ஒதுங்கிக் கை காட்டுவோம். பாலத்தின் மேல் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், அங்கே எங்களுக்கு ஒதுங்க இடமே இல்லை.